திராட்சை இல்லாமல் வைன்: பிளாக்பெரியில் தொடங்கி ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் ஆகஸ்ட் கடைசியில் ரயில் பாதையோர நடைவழியில் போய்விட்டு, விரலில் ஊதாக் கறை இல்லாமல் வீடு திரும்புவது கஷ்டம். வேலி, புதர், கால்வாய்க் கரை என்று எங்கு பார்த்தாலும் பிளாக்பெரி. ஒரு வாரம் ஜாம், அடுத்த வாரம் கேக் என்று ஓட்டியும் பழம் மிஞ்சியது. அலாட்மென்ட் எனப்படும் வாடகைப் பாத்தித் தோட்டத்தில் எனக்குப் பக்கத்துப் பாத்திக்காரரான ஆங்கிலேயத் தாத்தா ஒருவர், தூசி படிந்த பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இதில் போடு, கிறிஸ்துமஸுக்குக் குடிக்கலாம்" என்றார். நான்கு மாதத்தில் ஆகிவிடுமா என்று கேட்டேன். "இந்தக் கிறிஸ்துமஸ் இல்லை" என்று சிரித்தார்.

எனக்கு வைன் புதிதில்லை. நாகர்கோவிலில் பாட்டி வருடாவருடம் நவம்பர் கடைசியில் பீங்கான் பரணியை இறக்குவார். கறுப்புத் திராட்சை, அதே எடைக்குச் சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. வாயைத் துணியால் கட்டி 21 நாள். வடிகட்டினால் பாகு மாதிரி இனிக்கும், லேசாகத் தலையைச் சுற்றும், கேக்கோடு சாப்பிட அருமையாக இருக்கும். அதே கணக்கில் பிளாக்பெரியைப் போட்டுப் பார்த்தேன். கிடைத்தது நுரைத்துப்போன ஜாம். பழத்தில் குறை இல்லை. திராட்சை தானாகவே செய்துவிடும் பாதி வேலையை மற்றப் பழங்களுக்கு நாம் செய்து கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

திராட்சையிடம் இருப்பது என்ன?

நன்கு பழுத்த வைன் திராட்சையில் சர்க்கரை 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அந்தச் சாறு தண்ணீரோ சர்க்கரையோ சேர்க்காமலே 12, 13 சதவீத ஆல்கஹாலைத் தரும். டார்டாரிக் அமிலம் இருக்கிறது, தோலிலும் விதையிலும் துவர்ப்பு இருக்கிறது, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜனும் பெரும்பாலும் இருக்கிறது. பிளாக்பெரியில் சர்க்கரை சுமார் 5 சதவீதம். அதை மட்டும் நம்பினால் மூன்று சதவீத ஆல்கஹால்கூட வராது. புளிப்பும் துவர்ப்பும் ஓரளவு உண்டு, ஈஸ்ட்டுக்குத் தீனி குறைவு. கூடவே பெக்டின் நிறைய. ஜாமைக் கெட்டியாக்குகிற அதே பொருள் வைனைக் கலங்கலாக்கும்.

ஆகவே பழம் எதுவானாலும் கேட்க வேண்டியவை ஐந்து: சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு இருக்கிறதா, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு இருக்கிறதா, பெக்டின் தொல்லை உண்டா. இல்லாததைச் சேர்ப்பது, இருப்பதை அடக்குவது. மணமும் நிறமும் பழம் தரும், மற்றதெல்லாம் நம் கையில். பாட்டி போட்ட கோதுமைகூட வீணில்லை, ஈஸ்ட்டுக்கு அது கொஞ்சம் தீனி.

முதலில் சட்டம், அப்புறம் பயம்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைன் போட உரிமம் வேண்டாம், வரியும் இல்லை. விற்கக் கூடாது. வீட்டில் பீர் காய்ச்சத்தான் 1880-ம் வருடச் சட்டப்படி உரிமம் தேவைப்பட்டது. அதையும் 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் எடுத்துவிட்டார். கனடாவிலும் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களிலும் சொந்தத் தேவைக்குத் தடை இல்லை. தமிழ்நாட்டுக் கதை வேறு. 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது வீட்டுக்குள் என்றாலும் குற்றம். பாட்டியின் பரணியும் கணக்குப்படி அதற்குள் வந்துவிடும். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதர்ப் பழத்தைப் பறிப்பது திருட்டாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தானாக வளரும் செடியிலிருந்து விற்பனைக்கு அல்லாமல் பழம் பறிப்பது திருட்டில்லை என்று 1968-ம் வருடத் திருட்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஹைட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் பறிக்க விடமாட்டார்கள். அங்கே வேண்டாம்.

அடுத்தது பயம். அம்மாவிடம் போனில் சொன்னதுமே, "மக்களே, கண்ணு போயிராதா?" என்றார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அங்கே உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த தொழிற்சாலை மெத்தனால். பழம் நொதிக்கும்போதும் பெக்டினிலிருந்து மெத்தனால் கொஞ்சம் உண்டாகும், ஆனால் ஆளைப் பாதிக்காத சொற்ப அளவு. ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: காய்ச்சி வடிப்பது. அது எல்லாவற்றையும் செறிவாக்கும், தீப்பிடிக்கும், உரிமம் இல்லாமல் பிரிட்டனிலும் குற்றம். இங்கே நாம் நொதிக்க விடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சாமான்கள்

வீட்டு வைன் சாமான் விற்கும் கடைகள் பிரிட்டனில் பல ஊர்களில் உண்டு, இணையத்திலும் கிடைக்கும். வேண்டியவை: மூடியோடு 10 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி ஒன்று, டெமிஜான் எனப்படும் 4.5 லிட்டர் கண்ணாடிக் குடுவை இரண்டு, அதன் வாய்க்கு ரப்பர் அடைப்பான், அதில் செருக ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்), நைலான் வடிபை, ஒன்றரை மீட்டர் சைஃபன் குழாய், சர்க்கரையை அளக்க ஹைட்ரோமீட்டர், அதை மிதக்கவிட ஒரு உயரமான குழல், கடைசியில் 750 மில்லி பாட்டில் ஆறு.

குடுவை ஏன் இரண்டு என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கப்போகிறோம்.

எவர்சில்வர் பாத்திரம் பரவாயில்லை. அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு பக்கம் போகாதீர்கள், பழத்தின் அமிலம் அரிக்கும். ஆசையாகப் பழைய பரணியை ஊரிலிருந்து தூக்கிவந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பான திரவம் அதைக் கரைக்கும். பரணியை அலங்காரத்துக்கு வையுங்கள். ஊறுகாய் இருந்த பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். எத்தனை கழுவினாலும் வெந்தய வாசனை போகாது.

சேர்மானம், 4.5 லிட்டருக்கு:

பிளாக்பெரி 2 கிலோ
வெள்ளைச் சர்க்கரை சுமார் 900 கிராம்
கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் 2.75 லிட்டர்
பெக்டோலேஸ் (பெக்டினை உடைக்கும் நொதி) 1 டீஸ்பூன்
ஈஸ்ட் நியூட்ரியன்ட் 1 டீஸ்பூன்
கேம்டன் மாத்திரை 1 (கிருமியை அடக்கும் சல்ஃபைட் மாத்திரை, பிறகு இன்னும் இரண்டு மூன்று வேண்டும்)
வைன் ஈஸ்ட் 1 பாக்கெட், 5 கிராம்

ஈஸ்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரொட்டி ஈஸ்ட் வேலை செய்யும்தான், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், வண்டல் பஞ்சு மாதிரி மேலெழும்பிக்கொண்டே இருக்கும், ருசியில் மாவு வாடை அடிக்கும். பழ வைனுக்கு நான் லால்வின் 71பி வாங்குகிறேன். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடுவதால் கூர்மையான புளிப்பு தணியும். சர்க்கரையில் வெள்ளைதான் நல்லது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் போட்டால் பழ மணம் அதற்குள் மூழ்கிவிடும். ஒருமுறை கருப்பட்டி போட்டேன். மோசமில்லை, ஆனால் அது பிளாக்பெரி வைனும் இல்லை.

பழம் பறித்தல்

கறுத்து, லேசாகத் தொட்டாலே கையில் விழுகிற பழம் வேண்டும். சிவப்பு ஓரம் இருந்தால் புளிக்கும். சாலையோரம் வேண்டாம், நாய்கள் காலைத் தூக்கும் உயரத்தில் இருப்பதும் வேண்டாம். மைக்கேல்மஸ் என்கிற செப்டம்பர் 29-க்குப் பிறகு பறிக்கக் கூடாது, சாத்தான் வந்து துப்பிவிடுவான் என்று இங்கே பழைய நம்பிக்கை. சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டவன் முள்புதரில் விழுந்தானாம், அந்தக் கோபம். சாத்தானை விடுங்கள், அக்டோபர் ஈரத்தில் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடிப்பது உண்மை.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் உள்ளே இருக்கும் வெள்ளைப் புழுக்கள் மேலே வரும். அலசி, வடித்து, ஃப்ரீசரில் வையுங்கள். புதுப் பழம்தானே நல்லது என்று நினைக்க வேண்டாம். உறையும்போது பழத்தின் செல்சுவர்கள் உடைகின்றன. உருகினால் சாறு தானாக ஓடும். இரண்டு கிலோவை ஒரே நாளில் பறிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ப்பேன்.

முதல் இரண்டு நாள்

தொடங்குமுன் சுத்தம். வாளி, கரண்டி, வடிபை என்று வைனைத் தொடும் எல்லாவற்றையும் சோப்பு வாடை இல்லாமல் கழுவி, கிருமிநீக்கத் தூள் கரைத்த நீரில் முக்கி எடுக்க வேண்டும். காய்ந்த கறை இருந்தால் தூள் அதை ஊடுருவாது. முதலில் தேய்த்துக் கழுவுவதும் பிறகு கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள்.

உருகிய பழத்தை வடிபையில் போட்டு, பையை வாளிக்குள் வைத்துக் கையால் பிசையுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள். விதை உடைந்தால் கசப்பு இறங்கும், கூழ் வடியவும் வடியாது. ஆற்றிய தண்ணீரை ஊற்றுங்கள். பல பழைய குறிப்புகள் கொதிநீரை ஊற்றச் சொல்லும். வெந்த பழ வாசனை வரும், பெக்டினும் அதிகம் கரைந்து இறங்கும் என்பதால் நான் ஊற்றுவதில்லை.

ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கலக்குங்கள். பழத்தோடு வந்த காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அது அடக்கும். அதிலிருந்து வருவது சல்ஃபர் டை ஆக்ஸைடு. தீக்குச்சி நெடி மூக்கில் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் பொடிக்கும்போது தள்ளி நில்லுங்கள். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வைனைக் கொடுக்கும் முன்பும் சொல்லிவிடுங்கள். வாளியைத் துணியால் மட்டும் மூடுங்கள், அந்த வாயு வெளியேற வேண்டும். 12 மணி நேரம் கழித்துப் பெக்டோலேஸ். அதற்கும் 12 மணி நேரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சல்ஃபைட் நொதியை மந்தமாக்கிவிடும்.

மறுநாள் சர்க்கரை. முதலில் 700 கிராம் மட்டும் போட்டு முழுதும் கரையும்வரை கிளறுங்கள். இப்போது ஹைட்ரோமீட்டர். அது அடியில் எடை வைத்த ஒரு கண்ணாடி மிதவை. தண்ணீரில் விட்டால் 1.000 கோட்டில் நிற்கும், சர்க்கரை கூடக்கூட மேலே எழும்பும். குழலில் சாறு எடுத்து, மிதவையை ஒரு சுழற்றுச் சுழற்றி விடுங்கள், ஒட்டிய குமிழிகள் உதிரும். கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். நமக்கு வேண்டியது 1.085. குறைந்தால் மீதிச் சர்க்கரையைச் சேருங்கள். நாலரை லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போட்டால் அளவு சுமார் 0.010 ஏறும். 1 கிலோ சர்க்கரை கரைந்தால் 0.6 லிட்டருக்கும் சற்று அதிகமான இடத்தைப் பிடிக்கும். தண்ணீரை முதலிலேயே அதிகம் ஊற்றியவர்களுக்குக் குடுவை பத்தாமல் போவது இதனால்தான்.

அளவை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். கடைசி அளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும். 1.085-ல் தொடங்கி 0.996-ல் முடிந்தால் 11.7. முதல் நாள் எழுத மறந்தால் கடைசியில் எப்படியும் கண்டுபிடிக்க முடியாது.

நியூட்ரியன்ட்டைக் கலந்து, ஈஸ்ட்டை மேலே தூவுங்கள். 20 முதல் 24 டிகிரி வெப்பம் போதும். லண்டன் செப்டம்பரில் சமையலறை மூலை சரியாக இருக்கும், ஹீட்டர்மேல் வைக்காதீர்கள்.

பொங்கும் வாரம்

ஒரு நாளில், அதிகபட்சம் ஒன்றரை நாளில் காதை வைத்தால் மெல்லிய சீறல் கேட்கும். சோடா திறந்த சத்தம். மேலே இளஞ்சிவப்பு நுரை கட்டும், வடிபை ஊதிக்கொண்டு மிதக்கும். காலையும் மாலையும் அதைக் கரண்டியால் உள்ளே அமுக்க வேண்டும். காய்ந்த மேல்பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், நிறமும் சாறுக்குள் இறங்காது. இந்த நாட்களில் காற்று படுவது நல்லதே, ஈஸ்ட் பெருகுவதற்கு அது வேண்டும். ஆனால் பழ ஈ படக் கூடாது. கடுகளவுதான் இருக்கும், காலில் காடி (வினிகர்) பாக்டீரியாவைச் சுமந்துவரும். துணியை எலாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள்.

ஐந்தாம் நாள் வாக்கில் அளவு 1.030-க்குப் பக்கத்தில் வந்திருக்கும். வடிபையைத் தூக்கி வடியவிடுங்கள். லேசாக அழுத்தலாம், புடவை பிழிகிற மாதிரி முறுக்காதீர்கள். திரவத்தை டெமிஜானில் ஊற்றி, ஏர்லாக்கில் பாதி தண்ணீர் விட்டுச் செருகுங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது.

இங்கேதான் என் முதல் வருடக் கோளாறு. குடுவையைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுத் தூங்கப் போனேன். இரவு இரண்டு மணிக்கு 'டொப்'. நுரையோடு ஏறிய பழத்துணுக்குகள் ஏர்லாக்கை அடைத்து, அடைப்பான் பிய்த்துக்கொண்டு பறந்து, சமையலறைக் கூரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஊதா வட்டம். வீட்டுக்காரர் வருமுன் இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன், இன்றும் நிழல் தெரிகிறது. ஆகவே முதல் வாரம் குடுவையின் தோள்வரை மட்டும் நிரப்புங்கள். மீதியைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, வாயில் பஞ்சு செருகி வைத்திருந்து, நுரை அடங்கியதும் குடுவையில் சேர்த்துக் கழுத்துவரை கொண்டுவாருங்கள். இதற்குப் பிறகு காற்று எதிரி. கழுத்தில் காலியிடம் குறைவாக இருக்க வேண்டும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

ஏர்லாக் 'புளுக், புளுக்' என்று அடிப்பது நின்றால் முடிந்துவிட்டது என்று நினைப்போம். அறை குளிர்ந்தாலும் நிற்கும், அடைப்பான் கசிந்தாலும் நிற்கும். இரண்டாம் வருடம் ஜனவரியில் நின்ற சத்தத்தை நம்பிப் பாட்டிலில் அடைத்தேன். ஏப்ரலில் வெயில் வந்ததும் ஈஸ்ட் கண்விழித்தது. படிக்கட்டு அடியில் மூன்று பாட்டில் வெடித்தன. கண்ணாடிச் சில்லு எதிர்ச்சுவரில் பதிந்திருந்தது. ஆள் இல்லாத நேரம், பிழைத்தோம்.

மிதவை சொல்வதை மட்டும் நம்புங்கள். அளவு 1.000-க்குக் கீழே, 0.996 போல, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் மாறாமல் இருந்தால் முடிந்தது. மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். 1.020-லேயே நின்றுவிட்டால் குடுவையைச் சூடான அறைக்கு மாற்றி, லேசாக ஆட்டிவிட்டு, கொஞ்சம் நியூட்ரியன்ட் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் அசையாவிட்டால் புது ஈஸ்ட்டை ஒரு டம்ளர் இனிப்பு நீரில் பொங்கவைத்து, அதில் வைனைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிவிட்டு ஊற்ற வேண்டும். நேராக ஆல்கஹாலில் கொட்டினால் செத்துவிடும்.

தெளிவித்தல்

தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்று ஒரு பழைய சொல் உண்டு. தேறுதல் என்றால் தெளிதல். இந்தக் கட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

குடுவையின் அடியில் சாம்பல் ஊதா நிறத்தில் வண்டல் படிந்திருக்கும், செத்த ஈஸ்ட். அதன்மேல் வைனை மாதக்கணக்கில் விட்டால் ருசி கெடும். ஆகவே வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முந்தின நாளே குடுவையை மேசைமேல் தூக்கி வைத்துவிடுங்கள், தூக்கும்போது கலங்கியது படியட்டும். காலிக் குடுவையைத் தரையில் வைத்து, சைஃபன் குழாயின் முனையை வண்டலுக்கு இரண்டு விரல் மேலே பிடித்து, மறுமுனையைக் கீழ்க்குடுவையின் அடிவரை விட்டு, சத்தமோ சலசலப்போ இல்லாமல் இறக்குங்கள். கடைசி அரை டம்ளருக்கு ஆசைப்படாதீர்கள். ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்துப் போடுங்கள். குறைந்த அளவை இன்னொரு பாட்டில் வைனாலோ, ஆற்றிய தண்ணீர் கொஞ்சத்தாலோ நிரப்புங்கள்.

இப்போது ருசி பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கூர்மை, துவர்ப்பு, மருந்து வாடை. கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி வண்டல் சேரும், மறுபடி மாற்றுங்கள். குளிர்ந்த, இருட்டான இடம் வேண்டும். வெளிச்சத்தில் சிவப்பு வெளிறிப் பழுப்பாகும். நான் பழைய போர்வையைச் சுற்றி வைக்கிறேன்.

ஆறு மாதமாகியும் கலங்கலாக இருந்தால் பெக்டினா என்று பாருங்கள். ஒரு ஸ்பூன் வைனில் நாலு ஸ்பூன் மெதிலேட்டட் ஸ்பிரிட் விட்டு ஆட்டுங்கள். அரைமணியில் கட்டிகட்டியாகவோ நூல்நூலாகவோ திரண்டால் பெக்டின். சோதித்ததை உடனே கொட்டிவிடுங்கள், அது விஷம். குடுவைக்குப் பெக்டோலேஸ் இன்னொரு டோஸ். பெக்டின் இல்லை என்றால் பென்டோனைட் என்கிற களிமண் தூளைக் கரைத்து ஊற்றலாம், ஒரு வாரத்தில் படியும். கேரளத்திலும் எங்கள் பக்கத்திலும் முட்டை வெள்ளைக்கரு போடுவார்களே, அதுவும் இதே தத்துவம்தான். அதிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

இனிப்பு, பாட்டில், காத்திருப்பு

இப்படி முடியும் வைனில் இனிப்பே இருக்காது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பாட்டி வைன் மாதிரி இல்லையே மக்களே" என்று சொல்லி, டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்தார். அதுவும் ஒரு வழிதான், பாதுகாப்பான வழியும்கூட. பாட்டிலிலேயே இனிப்பு வேண்டுமென்றால், வைன் கண்ணாடி போலத் தெளிந்த பிறகு, அரை டீஸ்பூன் பொட்டாசியம் சார்பேட்டும் ஒரு கேம்டன் மாத்திரையும் போட்டு, ஒரு நாள் கழித்துச் சர்க்கரைப் பாகு சேர்த்து, இரண்டு வாரம் ஏர்லாக்கோடு கவனியுங்கள். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் கலங்கலான வைனில் அது எடுபடாது. கேம்டன் இல்லாமல் சார்பேட்டை மட்டும் போட்டால், லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலையைக் கசக்கின மாதிரி ஒரு நாற்றத்தை உண்டாக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

எட்டாம் மாதம் போல் பாட்டிலில் அடைக்கலாம். தக்கை போட்ட பாட்டிலை இரண்டு நாள் நிற்கவைத்துப் பிறகு படுக்கவையுங்கள், தக்கை ஈரமாக இருந்தால்தான் சுருங்காது. திருகுமூடி என்றால் நின்றாலும் பரவாயில்லை. முதல் பாட்டிலை ஒரு வருடம் ஆனதும் திறங்கள். இரண்டாம் வருடம் இன்னும் நன்றாக இருக்கும், அதுவரை மிஞ்சினால்.

நாற்றம் அடித்தால்

காடி வாடை அடித்தால் வைன் காடியாகிக்கொண்டிருக்கிறது. திருப்ப முடியாது. சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே வாளியை அடுத்த முறை இரட்டிப்பாகச் சுத்தம் செய்யுங்கள். அழுகிய முட்டை வாடை பெரும்பாலும் ஈஸ்ட் பட்டினி கிடந்ததால் வருவது. இந்த ஒரு சமயத்தில் மட்டும் சலசலவென்று சத்தம் வர ஊற்றி மாற்றுங்கள், வாடை பறக்கும். மேலே வெள்ளைப் படலம் படர்ந்தால் குடுவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். படலத்தை நீக்கி, மாற்றி, கேம்டன் போட்டு, கழுத்துவரை நிரப்புங்கள். பச்சை, கறுப்பு முடி முளைத்திருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

வேறு பழங்கள்

ஒரு முறை பிளாக்பெரி போட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதே வழி, கணக்கு மட்டும் மாறும்.

எல்டர்பெரி இங்கே வேலியெல்லாம் காய்க்கும். நிறமும் துவர்ப்பும் அள்ளித்தரும், ஆனால் பச்சைக் காயும் காம்பும் வயிற்றைப் புரட்டும். நன்கு கறுத்ததை மட்டும் உதிர்த்து, வேகவைத்துப் போடுங்கள். நான் பிளாக்பெரியோடு கால் பங்கு சேர்ப்பேன். ப்ளம், செர்ரி என்றால் கொட்டையை எடுத்துவிடுங்கள், உடைக்காதீர்கள். உள்பருப்பில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. அன்னாசி அவசரக்காரர்களுக்கு. புளிப்பு சொந்தமாகவே இருக்கிறது, துவர்ப்புக்குக் கடும் டீ அரை டம்ளர் ஊற்றினால் போதும். வாழைப்பழம் தனியாகச் சப்பென்று இருக்கும். தோல் கறுத்த பழம் இரண்டை வேறு வைனில் சேர்த்தால் நீர்த்தன்மை போய்க் கொழுமை வரும். நாவல்பழம் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள், நிறம், துவர்ப்பு இரண்டும் அதில் உண்டு. டப்பா ஜூஸில் போடுவதானால் லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட் என்று எழுதியிருந்தால் எத்தனை பாக்கெட் ஈஸ்ட் கொட்டினாலும் பொங்காது.

மாம்பழம்தான் எல்லோரும் கேட்பது. சர்க்கரை 14 சதவீதம் வரை இருப்பதால் 2 கிலோ சதைக்கு 700 கிராம் சர்க்கரையில் தொடங்கி மிதவையைப் பாருங்கள். தோலைச் சீவியே ஆக வேண்டும், அதன் பால் சிலருக்கு அரிக்கும், வைனில் பிசின் வாடையும் வரும். நன்றாகப் பழுத்ததில் புளிப்பு குறைவு, சிட்ரிக் அமிலம் இரண்டு டீஸ்பூன் வேண்டியிருக்கும். பெக்டோலேஸ் இரண்டு மடங்கு. வண்டல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் படியும், பயப்படாதீர்கள், அதற்கென்றே வாளியில் ஒரு லிட்டர் கூடுதலாகத் தொடங்குங்கள். கேசர் வகை மாம்பழப் பெட்டிகளின் சீசன் முடியும் நேரத்தில் கடைக்காரர்கள் அடிபட்ட பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். அடிபட்டது பரவாயில்லை, கறுத்துப்போன இடத்தை வெட்டிவிட்டு, சதையை மட்டும் ஃப்ரீசரில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.